டேப்பு அண்ணாத்தையும் மாப்பிள்ளையின் மூக்கும்

எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது அழகாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று யோசிக்காமல், 'இதுக்குள்ள இன்னா பூந்து வரும்?' என்று மட்டுமே யோசித்த ஒரே மனிதர் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் டேப்பு அண்ணாத்தைதான். மாவட்டம் என்பதே ஒரு பயத்தில் எழுதுவது. உலகத்திலேயே என்று எழுதினால் யாராவது ஆதாரம் கேட்டுவிடுவார்களோ என்று கவலை.

திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் என் பஞ்சர் கடைக்கு அடுத்தது அவருடைய கிரில் பட்டறை. ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். இடுப்பில் எந்நேரமும் ஒரு ஸ்டீல் டேப் தொங்கும். அதனால் டேப்பு. உண்மைப் பெயர் என்னவென்று பதினாலு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியாது. முதல் வாரம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்புறம், இத்தனை நாள் கழித்துக் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன்.

திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் குரங்குத் தொல்லை. கிரில் போட இவரைக் கூப்பிட்டார்கள். போனவர் ஜன்னலை அளக்கவில்லை.

"பெரிய கொரங்கா, குட்டியா?" என்றார்.

"ரெண்டும் வரும்பா."

"குட்டி எவ்ளோ இருக்கும்? கைக்கொழந்தையா, நடக்குறதா?"

வாத்தியார் மலைப் பக்கம் கையைக் காட்டினார். இவர் மூன்று நாள் மலைப்படியில் உட்கார்ந்து குரங்குக் குட்டிகளையே பார்த்துவிட்டு வந்து ஒரு கிரில் போட்டார். குட்டியின் கைகூட நுழையாது. வாத்தியார் கையும் நுழையவில்லை. ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பது. திறந்த கதவை மூட முடியாமல் மழைக்காலம் முழுக்கக் கூடத்தில் சாரல்.

"என்னய்யா இப்படிப் பண்ணிட்ட?" என்று வாத்தியார் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"கொரங்கு வந்துச்சா?"

"வரல."

"அப்புறம் இன்னா சார்?"

வாத்தியார் குடையை விரித்தார். வந்த வழியே திரும்பிப் போனார். டேப்பு அண்ணாத்தையிடம் சண்டைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். தோற்றோமா, ஜெயித்தோமா என்று தெரியாமலேயே வீட்டுக்குப் போவார்கள்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கவலைப்படுவதற்கு மட்டும் சர்டிபிகேட் கேட்கமாட்டார்கள் என்பதால் அதில் நல்ல தேர்ச்சி. என் தங்கை செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எனக்கு அதுவரை இல்லாத ஒரு புதுக் கவலை வந்தது. மாப்பிள்ளை பாஸ்கர் எங்கள் ஊர் கிரிக்கெட் டீமில் முதல் ஆளாக இறங்குகிறவர். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் சதுரங்கப்பட்டினம் டீமோடு மேட்ச். டென்னிஸ் பந்து இல்லை, தோல் தைத்த ஸ்டிச் பால். அந்த டீமில் தேசிங்கு என்று ஒரு பையன். கடலில் வலை இழுத்து இழுத்து உரமேறிய கையால் பந்து போடுவான். முந்தின வருஷம் எங்கள் ஆள் ஒருவருக்கு முன்பல் இரண்டு அந்த மண்ணிலேயே தங்கிவிட்டது.

"மாப்ள, இந்த ஒரு தடவை ஆடாதீங்களேன்" என்றேன்.

"கல்யாணம்னா மேட்ச் ஆடக்கூடாதுன்னு எந்தப் பத்திரிகைல போட்டிருக்கு மச்சான்? வாக்கு குடுத்துட்டேன்."

செல்வியோ என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அவர் மூஞ்சி எப்படிப் போவுதோ அப்படியே திரும்பி வரணும். ஒரு கீறல் இருந்துச்சு, மணமேடையில உன் பக்கம் திரும்பக்கூட மாட்டேன்."

ஹெல்மெட் வாங்கிப் போட்டால் முடிந்தது என்று நினைப்பீர்கள். மாப்பிள்ளைக்குத் தலை பெரிசு. பஜாரில் இருந்த எல்லா ஹெல்மெட்டும் அவர் உச்சந்தலையில் குருவி மாதிரி உட்கார்ந்தன. கடைசியில் ஊரப்பாக்கத்தில் கிரிக்கெட்டை விட்டுவிட்டு யோகாவுக்குப் போன ஒருவர் கிடைத்தார். அவருக்கும் பெரிய தலை. அவருடைய பழைய ஹெல்மெட் சரியாக ஏறியது. ஆனால் முகத்துக்கு முன்னால் இருக்கவேண்டிய கம்பி துருப்பிடித்து என்றைக்கோ போய்விட்டதாம். மேலே கோட்டை, கீழே மைதானம்.

கம்பி என்றதும் எனக்கு ஒரே ஆள்தான் ஞாபகம் வந்தார்.

டேப்பு அண்ணாத்தை ஹெல்மெட்டைப் பார்க்கவே இல்லை. "இன்னா பூந்து வரும்?" என்றார்.

"பந்து அண்ணாத்த."

"பந்து எங்க?"

கொடுத்தோம். டேப்பை எடுத்து நெடுக்கு, குறுக்கு, மூலை எல்லாம் அளந்தார். பந்துக்கு ஏது மூலை என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. "மூணு இஞ்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி. இன்னா ஸ்பீடுல வரும்?"

"கண்ணுக்கே தெரியாது அண்ணாத்த" என்றார் மாப்பிள்ளை பெருமையாக.

"கண்ணுக்குத் தெரியாதத நீ எப்டிபா அடிப்ப?"

"அது... தானா வந்துடும்."

"இன்னா வந்துடும்? பந்தா, அடியா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

முதல் டிசைன் இரண்டு நாளில் வந்தது. ஜன்னல் கிரில் மாதிரியே, நடுவில் பெரிய தாமரைப்பூ.

"தாமர இன்னாத்துக்கு அண்ணாத்த?"

"மூக்கு நடுவுலதான கீது? அதுக்கு எக்ஸ்ட்ரா காவலு."

போட்டுப் பார்த்த மாப்பிள்ளை, "ரெண்டு மச்சான் தெரியுறாங்க" என்றார். ஒரு மச்சானுக்கே கவலை தாங்கவில்லை, இரண்டு வேறா என்று தாமரையைக் கழற்றச் சொன்னேன்.

இரண்டாவது டிசைனில் வெறும் நெட்டுக் கம்பிகள். சப்-ஜெயிலில் இருந்து பேட்டிங் செய்வதுபோல இருந்தது. ஆனால் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. "முடிஞ்சுது அண்ணாத்த, எடுத்துகினு போறோம்" என்றார் மாப்பிள்ளை. இவர் விடவில்லை. "டெஸ்ட் பண்ணாம எப்டி?" என்று மார்க்கெட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய். புது வீட்டுக்கு முன்னால் தொங்கவிடுவார்களே, மீசையும் கோரைப்பல்லும் வரைந்து, அது.

"மொகம் ரெடியா வரைஞ்சே விக்கிறான். நமக்கு வேல மிச்சம்."

பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு, பூசணிக்காய்க்கு ஹெல்மெட் மாட்டி, மாப்பிள்ளையைப் பந்து எறியச் சொன்னார். எறிந்தார். கம்பி இரண்டும் கதவு மாதிரி விலகி வழிவிட, பந்து உள்ளே போய்ப் பூசணிக்காயின் மூக்கு இருந்த இடத்தில் குடியேறியது. சாறு வழிந்தது. பூசணிக்காய் மாப்பிள்ளையையே பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது. அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஓட்டை பந்தவிடச் சின்னதுதான். ஆனா கம்பி ஒதுங்கிக்குது" என்று தலையைச் சொறிந்தார். மறுநாள் இன்னொரு பூசணிக்காய், இன்னொரு கம்பி. அதற்கு மறுநாள் இன்னொன்று. எதிர்வரிசையில் புது வீடு கட்டி முடித்திருந்த ஒரு அம்மா நான்காவது நாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்.

"யோவ், தெனம் ஒரு பூசணிக்காய ஒடைக்கிறியே, யார் வூட்டுக்குச் செய்வினை வெக்கிற? எங்க வூட்டுக்கா?"

"ஒன் வூட்டுக்கு இல்லமா. இந்த மாப்ள மூஞ்சிக்கு."

"அடப்பாவி, கல்யாணப் புள்ளைக்கா!"

சாயங்காலத்துக்குள் விஷயம் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. செல்வி போனில் அழுதாள். "அண்ணா, அவருக்கு யாரோ செய்வினை வெச்சிட்டாங்களாம். நீ பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தியாம்!" இது ஹெல்மெட் சோதனை என்று அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவள், "அப்போ பூசணிக்கா எதுக்கு மேட்ச் ஆடுது?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

ஐந்து பூசணிக்காய் போனபிறகு ஆறாவது பிழைத்தது. அந்த டிசைனில் கம்பிகளைப் படுக்கையாகப் போட்டு, இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பி கொடுத்து ஆடாமல் இறுக்கியிருந்தார். கண்ணுக்கு நேரே இருந்த இடைவெளி மட்டும் கொஞ்சம் பெரிசு, ஆனாலும் பந்தைவிடச் சின்னது. முகத்துக்கும் கம்பிக்கும் நடுவே மூன்று விரல் இடம். மாப்பிள்ளை பத்துத் தடவை எறிந்தும் பூசணிக்காய் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தது. நானும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பூசணிக்காய்க்குக் கைதட்டினேன்.

மேட்ச் அன்று காலை ஹெல்மெட்டை வாங்கப் போனால், கம்பி முழுக்கச் செக்கச்செவேல் என்று ஈரமாக இருக்கிறது.

"இன்னா அண்ணாத்த இது?"

"ரெட் ஆக்சைடு. அது அடிக்காம எந்த இரும்பும் என் பட்டறையவிட்டு வெளிய போனதில்ல. கடக்கர காத்துல துரு புடிக்கும்பா."

"இன்னிக்கு ஒரு நாள்ல எப்டி துரு புடிக்கும்?"

"இன்னிக்குப் புடிக்காது. பத்து வருஷம் கயிச்சு ஆடுனா?"

பத்து வருஷம் கழித்தும் மாப்பிள்ளை முகத்தைப் பற்றி நான்தான் கவலைப்பட வேண்டுமா என்று அப்படியே நின்றுவிட்டேன். போகிற வழியில் காய்ந்துவிடும் என்று அவரும் என் வண்டியில் பின்னால் ஏறி, ஹெல்மெட்டைக் காற்றில் நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார். கடலோர ஈரக்காற்றில் அது காயவே இல்லை.

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பக்கத்து மைதானம். முதல் ஓவரே தேசிங்கு. முதல் பந்து போனது தெரிந்தது. இரண்டாவது பந்து போனது தெரியவில்லை. மூன்றாவது பந்துக்கு மாப்பிள்ளை குனிந்தாரா, நிமிர்ந்தாரா என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. 'டங்' என்று ஒரு சத்தம். கோயில் மணி என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பந்தைக் காணோம்.

ஃபீல்டர்கள் வானத்தைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். எதிரில் இருந்த எங்கள் ஆள் "ஓடு, ஓடு" என்று கத்த, மாப்பிள்ளையும் கண்மண் தெரியாமல் ஓடினார். பிட்ச்சில் இல்லை, குறுக்கே. அப்போதுதான் விக்கெட் கீப்பர் பார்த்தான். பந்து மாப்பிள்ளையின் முகக்கம்பியில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று சிக்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை எல்லைக்கோட்டைத் தாண்டியபிறகு கீப்பர் அவரைக் கழுத்தோடு கட்டிப்பிடித்து, பந்தின்மேல் கையை வைத்து, "கேட்ச்! கேட்ச்!" என்று கூவினான்.

"இன்னா கேட்ச்சு? பந்து தரையில படாம கோட்டைத் தாண்டிச்சு. சிக்ஸு!" என்று எங்கள் கேப்டன் குதித்தார்.

"மூஞ்சில எடுத்துகினு போனா சிக்ஸா?"

"அப்போ மூஞ்சிலருந்து புடிச்சா அவுட்டா?"

அம்பயர், மீனுக்கு ஐஸ் விற்கிற பெரியவர். இரண்டு கையையும் மேலே தூக்கினார். சிக்ஸ் என்று நாங்கள் கைதட்டினோம். "சும்மா இருங்கடா, அக்குள்ல வேர்க்குது" என்றார். பிறகு, "இது அவுட்டும் இல்ல, சிக்ஸும் இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல. பந்த எடுத்துட்டு மறுபடி போடு" என்று தீர்ப்புச் சொன்னார்.

தேசிங்குதான் பாவம். ஓடி வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. "மச்சான், கண்ணு தெரியுதா?" என்றான்.

"பந்துதான் தெரியுது" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

ஆளாளுக்குப் பந்தைப் பிடுங்கினார்கள், ஹெல்மெட்டை இழுத்தார்கள். எதுவும் அசையவில்லை. நான் வண்டியில் இருந்து டயர் கழற்றும் லீவரைக் கொண்டுவந்து நெம்பினேன். பந்து தெறித்து விழுந்தது. ஹெல்மெட்டை மேலே உருவினார்கள்.

முகம் முழுக்கச் சிவப்பு. நெற்றி, கன்னம், மூக்கு, தாடை என்று கோடுகோடாக வழிகிறது.

"ஐயோ செல்வி!" என்று நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். மணமேடை தெரிந்தது. அதில் அவள் என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிப் பார்க்கிறேன், கீப்பர் கை சிவப்பு, தேசிங்கு கை சிவப்பு, அம்பயரின் வெள்ளைச் சட்டை சிவப்பு, என் கையும் சிவப்பு. ஒரு மூக்கில் இத்தனை ரத்தமா என்று எனக்குத் தலை சுற்றியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டேப்பு அண்ணாத்தை வந்தார். யாரிடமும் பேசவில்லை. மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பி, பட்டறையில் இருந்து கையோடு கொண்டுவந்திருந்த மண்ணெண்ணெயில் வேட்டி நுனியை நனைத்து மெதுவாகத் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சிவப்பு போய்க் கறுப்பான, முழுசான, சிரிக்கிற முகம் வந்தது. ரெட் ஆக்சைடு. இரண்டு புருவத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். மூக்கை அசைத்துப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார். அப்புறம் டேப்பை இழுத்து, பந்து எவ்வளவு உள்ளே வந்தது என்று கம்பியில் அளந்தார்.

"மூக்குக்கு ஒரு வெரல் மிச்சம் இருந்துகீது" என்றார். அவ்வளவுதான். கோட்டைச் சுவரின் நிழலுக்குப் போய்விட்டார்.

நன்றி சொல்லலாம் என்று பின்னாலேயே போனேன். தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறக்க முடியவில்லை. இறுக்குகிற பக்கமாகவே திருகிக்கொண்டிருந்தார். நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

"ஒரு வாரமா சோறு எறங்கலபா" என்றார். "கண்ண மூடுனா அந்த மொத பூசணிக்கா வந்து நிக்குது."

நான்தான் இந்த ஊரில் அதிகமாகக் கவலைப்படுகிறவன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். மேட்ச்சில் யார் ஜெயித்தார்கள் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு வந்தார். மேடை ஏறி, மாலையும் கழுத்துமாக இருந்த மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றார். போட்டோக்காரர் "கேமராவப் பாருங்க சார், கேமராவப் பாருங்க" என்று நாலு தடவை கத்தியும் கேட்கவில்லை. அந்தப் போட்டோவில் செல்வி, பாஸ்கர், நான் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நேராகப் பார்க்கிறோம். அவர் மட்டும் திரும்பி, மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். செல்வி வீட்டுக்குப் போய் ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் நான் முதலில் புரட்டித் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.