மூன்று தடவை துவைத்த துணியும் ஒரு தடவைகூட உதறாத பையும்

எங்கள் பக்கத்தில் முன்கூட்டியே நாள் தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போவது பிரசவத்துக்கு மட்டும்தான். மற்றபடி போவதெல்லாம் வெடிச் சத்தம் கேட்ட பிறகு போவது. அதற்குப் பை எடுத்து வைக்க நேரம் இருக்காது. உடுத்தின துணி உடம்பில் மிச்சம் இருந்தாலே பெரிய விஷயம். அதனால் டாக்டரம்மா என் மனைவி செல்விக்கு நாள் குறித்துக் கொடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பை கட்டும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். (யாரும் கேட்கவில்லை.)

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் அறையில் எனக்கு வேலை. அந்த அறைக்குள் செல்போன் போகக்கூடாது, நைலான் துணி போகக்கூடாது, பிளாஸ்டிக் கவர் போகக்கூடாது, இரும்புச் சாமான் போகக்கூடாது. எதில் உரசி எங்கே பொறி பறக்கும் என்று சொல்ல முடியாது. ஐந்து வருஷம் அப்படி வேலை பார்த்ததில், உலகத்திலேயே கவனமான மனிதன் நான்தான் என்று ஒரு நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

செல்விக்கு அம்மா இல்லை. அவளுடைய அக்கா பாண்டியம்மாள் மதினிதான் சாத்தூரிலிருந்து வந்து கூட இருந்தார். வந்த அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார்.

"தம்பி, பிள்ளை பெறக்குமுன்ன புதுசா ஒண்ணும் வாங்கப்பிடாது. துணி, பை, சோப்பு டப்பா எதுவுமே. பளைய வேட்டியக் கிளிச்சு வையிங்க, போதும்."

பழைய வேட்டி நான்கைக் கிழித்தேன். ஒவ்வொரு துண்டையும் மூன்று தடவை துவைத்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, இஸ்திரியும் போட்டேன். மதினி அவற்றை ஒரு பாலிதீன் கவரில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் கவரைப் பிரித்துத் தூர எறிந்தேன். பிளாஸ்டிக்கும் துணியும் உரசலாமா? ஸ்டீல் டம்ளரையும் வெளியே எடுத்துவிட்டுப் பித்தளை டம்ளர் வைத்தேன். ஊக்கு வைக்கவில்லை, இரும்பு. தீயணைக்கும் மணல் வாளி ஒன்றுதான் வைக்கவில்லை.

"வயர்கூடை ஒண்ணு கெடக்கு தம்பி, களுவித் தாரேன், அதுல வைங்க" என்றார் மதினி.

"வயர்கூடையில ஓட்டை இருக்கு மதினி. தூசி போகும்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதை மறந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

நான் எடுத்தது, அதற்கு இரண்டு வருஷம் முன்னால் தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த ஜிப் பை. நான் தினமும் வேலைக்குக் கொண்டுபோகும் பை அது. காலையில் சோற்று டப்பா அதில் போகும். சாயங்காலம் அழுக்கான வேலைத்துணி சுருண்டு அதில் வரும். வெளிப்பக்கம் முழுக்க ஈரத்துணியால் துடைத்தேன், ஜிப்பின் பல்லைக்கூட விடவில்லை. உள்ளே பார்த்தேன். சாம்பல் நிறமாக இருந்தது. உள்துணியின் நிறமே அதுதான் என்று நினைத்தேன். இரண்டு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் அடுக்கி ஜிப்பை இழுத்துப் பூட்டி, கட்டிலுக்கு அடியில் மூன்று வாரம் வைத்திருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் வெளியே இழுத்துக் காட்டினேன். திறந்து மட்டும் காட்டவில்லை. தூசி போய்விடும் அல்லவா.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு செல்விக்கு வலி எடுத்தது. ஆட்டோவில் போனோம். அந்த ரோட்டில் ஆட்டோ குலுங்கிய குலுக்கலில் பை என் மடியில் துள்ளித் துள்ளி விழுந்தது. அதை நான் பிள்ளையைப் போல அணைத்துப் பிடித்துக்கொண்டேன். செல்வியைப் பிடித்துக்கொண்டது மதினி.

இரண்டு மணிக்கு உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்து, நர்ஸ் கை மட்டும் வெளியே வந்தது.

"துணி குடுங்க. சுத்தமான துணி. சீக்கிரம்!"

என் வாழ்க்கையே இந்த ஒரு நொடிக்காகத்தான் நடந்தது என்பதுபோல ஜிப்பைத் திறந்து, அடியிலிருந்து இரண்டு துண்டை உருவிக் கொடுத்தேன். "மூணு தடவை துவைச்சது சிஸ்டர்" என்று கதவிடம் சொன்னேன்.

ஐந்து நிமிஷத்தில் கதவு முழுக்கத் திறந்தது.

"இந்தப் பிள்ளைக்கு அப்பா யாரு? என்ன வேலை பாக்கீக?"

"பட்டாசுக் கம்பெனி சிஸ்டர். மருந்து அறை."

"கையக் காட்டுங்க."

காட்டினேன். மணிக்கட்டு வரைக்கும் பளபளவென்றிருந்தது. அலுமினியப் பவுடர். மத்தாப்பு வெள்ளையாக எரிவதற்குப் போடுவது. மாவைவிட மெல்லிசாக இருக்கும். எங்கே ஒட்டுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நர்ஸ் தன் கையில் இருந்ததை என் பக்கம் திருப்பினார். நெற்றி, கன்னம், மூடின இமை எல்லாம் வெள்ளியாக மினுங்கிக்கொண்டு, ஒரு பெண் குழந்தை. என் மகளை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். அவள் என்னைப் பார்த்துத் தும்மினாள்.

"மூக்குல போயிருக்கா, கண்ணுல போயிருக்கான்னு பாக்கணும், தள்ளுங்க!" என்று நர்ஸ் பிள்ளையை அணைத்தபடி குழந்தைகள் வார்டுக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். அழுகை வந்தது. கண்ணைத் துடைத்தேன். எந்தக் கையால் துடைத்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது நீங்கள் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருப்பவராக நினைத்துப் பாருங்கள். பட்டாசு சீசன் நேரம். முகமெல்லாம் பவுடர் பூசின ஒருவன் அழுதுகொண்டே ஓடுகிறான். முன்னால் ஒரு நர்ஸ் எதையோ துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

வராந்தாவே எழுந்து நின்றது.

"எந்தக் கம்பெனி தம்பி?"

"எம்புட்டுப் பேரு?"

"நாரணாபுரமா? ஏலே, நாரணாபுரமாம்லே!"

நாரணாபுரம் என்று நான் சொல்லவே இல்லை. "பிள்ளை... பிள்ளை..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஓடினேன். ஊசி போட வந்திருந்த ஒரு அம்மா தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? வேலைக்காரர்கள் போனெல்லாம் கம்பெனி கேட்டில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும். அது அந்த அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் மறுபடி மறுபடி போட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

வார்டு வாசலில் நின்று நான் இதைப் பார்த்தேன். 'வெடி இல்லை' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கதையில் மற்ற எல்லாவற்றுக்கும் நான் சேர்ந்து சிரிப்பேன், இதற்கு மட்டும் இன்றைக்கும் என்னால் முடியாது.

மதினிதான் பின்னால் ஓடிவந்து கத்தினார். "யாத்தே, அளாதீக! வெடி ஒண்ணும் இல்ல! இந்த மனுசன் பைய உதறாமக் கொண்டாந்துட்டாரு, அம்புட்டுத்தான்!"

வராந்தா மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நேராக என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், வாங்கிக்கொள்ளத் தயாராகவும் நின்றேன். "நாசமாப் போறவனே" என்று ஒரு வார்த்தை திட்டிவிட்டு, முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான் வருவாக. வாசல்லயே தட்டிட்டு வாங்கன்னு சொல்லுவேன்" என்றார். பிறகு மறுபடி அவருக்குப் போன் போட்டார்.

உள்ளே பிள்ளையின் கண்ணைக் கழுவினார்கள், மூக்கைச் சுத்தம் செய்தார்கள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். சாயங்காலம் வரை பார்த்துவிட்டுத்தான் தருவோம் என்றார்கள். பிள்ளையின் கண்ணுக்காக மதினி இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போடுவதாக நேர்ந்துகொண்டார். வெள்ளியாக மினுங்கியதற்கு வெள்ளியிலேயே பரிகாரம் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு நான் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. மூன்று மணி நேரம் சுவரைப் பார்த்து நின்றேன். இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை என்று முடிவே செய்திருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. ஆறு மணிக்குக் குளிப்பாட்டி, ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து செல்வியிடம் கொடுத்தார்கள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சுடுதண்ணீர் ஊற்றின பித்தளை டம்ளரால் உதடு சுட்ட கோபத்தில் மட்டும் இருந்தாள். பிள்ளையின் காது மடிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"இங்கன என்னமோ மினுங்குதே?"

சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மினுங்கிய விரல் நுனியைச் சேலையில் தேய்த்தாள்.

"ஒரு தடவை பட்டதுக்குப் பிள்ளைய இம்புட்டு நேரம் வச்சுப் பாத்திருக்காக" என்றாள். "நீங்க தெனமும் இதத்தான் மூச்சுல இளுத்துக்கிட்டு இருக்கீகளா?"

 டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். வீட்டில் மதினி வைத்த 'கம்பி மத்தாப்பு'தான். அந்தப் பையை செல்வி துவைத்தபோது உள்துணி நல்ல மஞ்சள் நிறம் என்று தெரிந்தது. கல்யாணம், காது குத்து என்று நான்கு பேர் கூடினால் போதும், "வயர்கூடையில தூசி போகும் மதினி" என்று யாராவது என் குரலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். பெட்டி கட்டும் வேலையை எந்த வீட்டிலும் என்னிடம் கொடுப்பதில்லை.

நான் இன்னும் அதே மருந்து அறையில்தான் இருக்கிறேன். வேறு வேலை தேடவில்லை என்று சொல்ல மாட்டேன், கிடைக்கவில்லை. அந்த ஜிப் பை இன்றைக்கும் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. செல்வி கட்டி வைத்தது. மெல்லிசான பருத்தி வேட்டி இரண்டு, போர்வை ஒன்று, என் ஆதார் நகல், ஸ்டீல் டம்ளர். எதற்கு என்று முதலில் கேட்டபோது, "ஒமக்குத்தான். ஒமக்குக் கட்டத் தெரியாதுல்ல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சத்தம் கேட்ட பிறகு பை கட்ட நேரம் இருக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒவ்வொரு தீபாவளி முடிந்ததும் அவள் அந்தப் பையைப் பிரித்து, வேட்டிகளைத் துவைத்துக் காயப்போடுவாள். பையை உதறுவது மகளின் வேலை. வாசலில் நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உள்புறம் வெளியே தெரியத் திருப்பி நாலு தடவை உதறுவாள். "அப்பா, தூசி இல்ல!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். தெருவே சிரிக்கும். பிறகு செல்வி, ஒரு தடவைகூட உடுத்தாத அந்த வேட்டிகளை மடித்து மறுபடி உள்ளே வைத்து ஜிப்பை இழுப்பாள். இந்த வருஷமும் அப்படி வைத்துவிட்டோம்.