மேற்பார்வையில் மூன்று நத்தைகள்

நெருப்பு, சக்கரம், எழுத்து ஆகியவற்றுக்குப் பிறகு மனிதகுலம் எடுத்துவைத்த அடுத்த பெரிய அடி, ஓய்வு பெற்ற ஒரு மேலாளரின் சாப்பாட்டு மேசை மேல் விழுந்தது. எடுத்துவைத்தது ஒரு நத்தை. நத்தைக்குக் கால் ஒன்றுதானாம், அதுவும் வயிறும் வேறு வேறு அல்லவாம். ஆகவே அடி கொஞ்சம் சிறியதாக இருந்ததற்கு அதைக் குறை சொல்ல முடியாது.

மேலாளர் தன் வாழ்நாளைக் குடிநீர் இணைப்பு அலுவலகத்துக்குக் கொடுத்தவர். அவர் மேசையில் ஒரு பித்தளை மணி இருந்தது. உச்சியில் தட்டினால் ‘டிங்’ என்னும். அந்தச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் அலுவலகத்தின் எல்லாத் தலைகளும் கோப்புக் கட்டுகளுக்குப் பின்னால் போய்விடும். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘ஒழுங்கு’. பணி நிறைவு நாளில் ஊழியர்கள் ஒரு கைக்கடிகாரத்தோடு அந்த மணியையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அன்பு மிகுதியால் கொடுத்தார்கள் என்று அவர் சொல்வார். அன்பு எவ்வளவு மிகுதி என்றால், மணி இருந்த பலகையையும் ஆணியோடு பெயர்த்துப் பொட்டலத்தில் வைத்திருந்தார்கள்.

வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ‘சிறந்த அலுவலகம்’ என்று பொறித்த கேடயம் ஒன்று நிற்கிறது. அவர் காலத்தில் அந்த அலுவலகத்துக்கு ஒரே ஒரு முறை கிடைத்தது. அந்த வருடம்தான் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். கட்டிலில் கிடந்தபடியே ஓர் அலுவலகத்தை முதலிடத்துக்குத் தூக்கி நிறுத்தியவர் என்றால், அவர் எப்பேர்ப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் மணியைச் சமையலறை மேடையில் வைத்தார்.

அவர் மனைவிக்கு அன்றோடு நிம்மதி போயிற்று. அதுவரை சமையலறை அவளுடையது. ரேடியோவைப் பாடவிட்டு, தானும் கூடவே பாடி, பதினோரு மணிக்குள் வேலையை முடித்துவிட்டு மாடியில் போய்க் காற்று வாங்குவாள். இப்போது ரேடியோ ‘பணி நேரத்தில்’ தடை செய்யப்பட்டது.

டிங்.

“வெங்காயத்தைக் குறுக்க வெட்டற, நேத்து நெடுக்க வெட்டின. ஒரு கொள்கை வேண்டாமா?”

“ரெண்டும் வாய்க்குள்ளதாங்க போகுது.”

“இந்த மனப்பான்மைதான் கூடாது.”

பால் பொங்கி வழிவதைப் பற்றி விவாதிக்க ஒரு நாள் அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பால் பொங்கி வழிந்தது. கூட்டம் எவ்வளவு அவசியம் என்பது இதிலிருந்தே தெரிகிறது என்றார். மணி அடிக்கும்போதெல்லாம் அவள் அலமாரிக்குள் தலையை விட்டு எதையோ தேடுவதுபோல நிற்கப் பழகிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக் காசாளர், மூத்தோர் மன்றத்தின் நத்தைப் பந்தயம் பற்றிச் சொன்னார். மேலாளர் கண்கள் மின்னின. அவர் மனைவியின் கண்கள் அதைவிட அதிகமாக மின்னின. அன்றைக்கே தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த மூன்று நத்தைகளை அவளே பெயர்த்தெடுத்து, சோப்பு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். மணி சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு இடமாற்றம் ஆயிற்று. ரேடியோ மறுபடியும் பாடியது.

மேலாளர் நத்தைகளுக்கு முதலில் பதவி கொடுத்தார். ஒன்று முதுநிலை நத்தை, ஒன்று இளநிலை நத்தை, மூன்றாவது தற்காலிக நத்தை. காலையில் ஆய்வுக் கூட்டம். அவர் பேசுவார், நத்தைகள் ஓட்டுக்குள் இருக்கும். யாரும் மறுப்புத் தெரிவிக்காததால் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறும். பிறகு பயிற்சி. நனைத்த துணியின் ஒரு கோடியில் நத்தைகள், மறு கோடியில் வெள்ளரித் துண்டு, நடுவில் மணி. ‘டிங்’ என்றதும் கிளம்ப வேண்டும் என்பது விதி. டிங் என்று மேசை அதிரும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டொரு கொம்பும் உள்ளே போய்விடும்.

“ஏங்க, எதுவும் நகரலியே?”

“அதுங்க உள்ள தயாராகுதுங்க. இது உனக்குப் புரியாது, நிர்வாகம்.”

வாரங்கள் போயின. நத்தைகள் உள்ளே தயாராகிக்கொண்டே இருந்தன. முதுநிலை நத்தையிடம் வாய்மொழியாக விளக்கம் கேட்கப்பட்டது. அது விளக்கம் தராததோடு, மறுநாள் ஜன்னல் வழியாகத் தலைமறைவாகிவிட்டது. இளநிலை நத்தையும் அதே வழியில் போயிற்று. வேகம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

மிஞ்சியது தற்காலிக நத்தை மட்டும். பந்தயத்துக்கு முந்தைய நாள் மேலாளர் தன் முடிவை அறிவித்தார்.

“நாளைக்குத் தோத்துட்டா இந்தத் திட்டத்தை மூடிடறேன். அப்புறம் முழு நேரமும் சமையலறையப் பாத்துக்கறேன்.”

அவர் முடி வெட்டிக்கொள்ளப் போன பிறகு அவள் மேசை முன்னால் உட்கார்ந்தாள். நத்தையைப் பார்த்து உண்மையாகவே கெஞ்சினாள்.

“ஏம்ப்பா, கொஞ்சம் நகரக் கூடாதா? எனக்காக.”

அவள் எழுந்துபோய்க் குழம்பைக் கிளறிவிட்டு வந்து பார்த்தால், நத்தை மேசையின் மறு கோடியில் வெள்ளரித் துண்டைப் பாதி தின்றிருந்தது. எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். கொம்பை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தது. மேலாளர் இல்லை, மணிச் சத்தம் இல்லை. விறுவிறுவென்று கிளம்பிவிட்டது. வாசலில் மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்டதும் நத்தை ஓட்டுக்குள் போயிற்று. அதே நொடியில் தன் தலை அலமாரிக்குள் போயிருப்பதை அவள் கவனித்தாள்.

மறுநாள் மன்றத்தின் பெரிய கூடத்தில் பந்தயம். நீள மேசையில் ஈரத்துணி விரித்து, மறு கோடியில் வெள்ளரித் துண்டு வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பல் மருத்துவர், ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், காசாளர் என்று ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாரும் தத்தம் நத்தைகளோடு வந்திருந்தார்கள். மேலாளர் நத்தையோடு மணியையும் கொண்டுவந்திருந்தார். செயலாளர் விசில் ஊதினார். டிங் என்றார் மேலாளர். தற்காலிக நத்தை கூழாங்கல் ஆயிற்று. மற்ற நத்தைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ரயில் ஓட்டுநரின் நத்தை மட்டும் நடு வழியில் நின்று, சிக்னலுக்குக் காத்திருந்தது.

டிங். டிங். டிங்.

அவள் மெல்ல நகர்ந்து செயலாளரிடம் போனாள்.

“எங்க வீட்டுக்காரரை மேடையில ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்களேன்.”

செயலாளர் முகம் வெளிறியது. “ரெண்டு வார்த்தையில நிறுத்துவாராம்மா?”

“நிறுத்த மாட்டாருங்க. அதனாலதான் கேக்கறேன்.”

ஒலிபெருக்கியில் அழைப்பு வந்ததும் மேலாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மணியையும் கையோடு எடுத்துக்கொண்டு, கூடத்தின் மறு கோடியிலிருந்த மேடைக்குப் போனார். ‘அன்பார்ந்த பெரியோர்களே’ என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டிலிருந்து ஒரு கொம்பு எட்டிப் பார்த்தது. தன் பள்ளிப் பருவத்துக்கு அவர் வந்தபோது மற்றொரு கொம்பும் வந்தது. பணியில் சேர்ந்த கதைக்கு நத்தை பல் மருத்துவரைத் தாண்டியது. அவள் முந்தானையைக் கசக்கிக்கொண்டு மேசையோரமாகவே நடந்தாள்.

“மேற்பார்வை இல்லாத இடத்துல எதுவுமே நகராது!” என்று மேடையில் முழங்கினார். நத்தை காசாளரைத் தாண்டியது.

“நான் ஒரு நிமிஷம் கண்ணை எடுத்தாலும் எல்லாம் அப்படியே நின்னுடும்!” நத்தை வெள்ளரித் துண்டில் வாயை வைத்தது.

கூடம் கைதட்டியது. தன் பேச்சுக்கென்று எண்ணி மேலாளர் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்.

வீட்டுக்கு வந்ததும், மன்றம் கொடுத்த முதல் பரிசுப் பதக்கத்தைக் கேடயத்தின் பக்கத்தில் தொங்கவிட்டார். நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு மணியை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

“என்னங்க, ஜெயிச்சாச்சே. மணி எதுக்கு இங்க வருது?”

“ஜெயிச்சதாலதான். முறை சரின்னு நிரூபணம் ஆயிடுச்சு. ஒரு நத்தையவே ஓடவெச்சவன், உன்ன ஓடவெக்க மாட்டேனா?”

டிங்.

இந்த முறை அவள் தலை அலமாரிக்குள் போகவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உங்களப் பத்திப் பெருமையா நாலு பேருகிட்ட சொல்லணும். அதுக்கு ஒண்ணு ரெண்டு தகவல் வேணும். சொல்றீங்களா?”

“தாராளமா கேளு.”

“ஆபீசுக்குக் கேடயம் கெடச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“கட்டில்ல. கால் உடைஞ்சு.”

“இன்னைக்கு நத்தை ஜெயிச்சப்ப?”

“மேடையில.”

“நம்ம கல்யாணத்துலேர்ந்து போன வருஷம் வரைக்கும் இந்த அடுப்படி ஒரு குறையும் இல்லாம நடந்துச்சே, அப்ப?”

“ஆபீசுல” என்றார் மேலாளர், அதே பெருமையோடு. சொன்ன பிறகுதான் அவர் வாய் மெல்ல மூடிக்கொண்டது.

அவள் மணியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ரேடியோவைப் போட்டாள்.

“கொஞ்ச தூரம் காலாற நடந்துட்டு வாங்க. சமையல் ஆகணும்.”