தேவதாஸின் பிரெஞ்சுக் கை

தேவதாஸ் பொய் சொன்னான் என்று யார் சொன்னது? "பிரெஞ்சுப் படத்தில் நடித்தேன்" என்றான். முகத்தைக் காட்டி நடித்தேன் என்று ஒரு நாளாவது சொன்னானா? விவரம் கேட்காமல் விட்டது, வளைகுடாவில் அவனோடு பிழைக்கப் போன மங்காஃப்காரர்கள் குற்றம்.

இந்த வகை மனிதரை உங்களுக்கும் தெரியும். ஒரே ஒருமுறை கேமரா முன்னால் போய் நின்றிருப்பார். அதற்கப்புறம் அங்கிருந்து நகரவே மாட்டார்.

2006-இல், மங்காஃபுக்குப் பக்கத்திலிருக்கும் ஃபஹாஹீல் மீன்துறைக்கு ஒரு பிரெஞ்சுப் பட யூனிட் வந்தது. வீட்டை விட்டுப் போன அப்பாவை மகள் தேடி வருகிற கதை. அப்பாவாக நடித்த பெரியவருக்கு நன்றாக அழ வரும், கிழிந்த வலையைப் பின்ன வராது. ஏ.சி. மெக்கானிக் தேவதாஸ் குளச்சலில் பிறந்தவன், எட்டு வயதிலேயே வலை ஊசி பிடித்தவன். அந்தக் கையை மூன்று நாள் படம் பிடித்தார்கள். கடைசியில் யூனிட்டுப் பெண் ஒருத்தி அவன் நகத்தை உற்றுப் பார்த்துச் சொன்னாள்: "மறுபடி கூப்பிட்டாலும் கூப்பிடுவோம். கை இப்படியே இருக்கட்டும், அடுத்த ஷாட்டிலும் அச்சாக இதே மாதிரி தெரியணும். கன்டினியூட்டி."

கூப்பிடவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் அந்தக் கை பாத்திரம் கழுவவில்லை, மீன் வெட்டவில்லை, கம்பெனி கொடுத்த கையுறைக்குள் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனது. டீவியில் எந்தப் படம் ஓடினாலும் "இந்த மழை குழாய்த்தண்ணி" என்று நீண்டு காட்டியது. தன் படத்துக் கதாநாயகி அவித்த உருளைக்கிழங்கு மட்டும்தான் தின்பாள், டைரக்டர் ஷூவில் ஓட்டை என்பதையெல்லாம் ஞானஸ்நான விருந்திலும் துக்க வீட்டிலும் ஒரே அளவில் பரிமாறினான்.

"நான் நைட் டூட்டி முடிச்சு வந்து பாத்திரம் கழுவணும். உங்க கை பாரீசுக்குப் போவணும். அப்படித்தானே?" என்பாள் மனைவி இன்பமணி. நர்ஸ். பொறுமைசாலி.

மகள் பெர்சிதான் பாவம். வகுப்பில் பெருமையாகச் சொல்லி, 'ஃபேக் பெர்சி' என்று பெயர் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து ஸ்கூல் பஸ் வரைக்கும் அப்பா கூட வரக் கூடாது. "டாடி, ப்ளீஸ், டோன்ட் கம்."

அதனால்தான், 2008-இல் இன்பமணியின் கூட்டுக்காரி ஜோஸ்மி அந்த டிவிடியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்ததும், தேவதாஸ், அந்த ஊர் லீவு நாளான வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்த கையோடு பதினாறு பேரை வீட்டில் உட்கார வைத்தான்.

ஒரு மணி நேரம் படத்து மகள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலும் அவளைப் பார்த்தது. ஒருவருக்கும் பாஷை தெரியாது. தேவதாஸ் விளக்கினான்.

"இப்ப அவ அப்பனை நெனைக்கா."

"சூப்புதானவே குடிக்கா?" என்றார் மாடிவீட்டு நாகலிங்கம்.

"நெனைச்சுக்கிட்டே குடிக்கா."

அப்புறம் வந்தது. திரை நிறைய இரண்டு கை. வலது கட்டைவிரல் ஊசியின் மேல் குட்டியாக ஒரு சிலுவை வரைந்தது. பின்னியது. முப்பது விநாடி. அடுத்து பிரெஞ்சுப் பெரியவரின் முகம், அழுகை.

"கை மட்டுமாவே! மொகத்த ஊருல வச்சுட்டு வந்தீரா?" என்றார் நாகலிங்கம். ஹாலே சிரித்தது. இன்பமணி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"இருங்க, இன்னொரு ஷாட் இருக்கு," என்றான் தேவதாஸ். இல்லை.

பெர்சி ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினாள். கட்டைவிரல் சிலுவையில் நிறுத்தினாள். பரீட்சைக்குப் போகிற காலைகளில் அவள் பேனாவின் மேல் அப்பா விரல் போடுகிற அதே சிலுவை.

"தட்ஸ் மை டாடி," என்றாள். நாலு தடவை ஓட்டினாள். நாலாவது தடவை யாரும் சிரிக்கவில்லை.

அந்த வலையின் மறுமுனையைப் பிடித்தது தான்தான் என்று நாகலிங்கம் ஊருக்குப் போன் போட்டதாகக் கேள்வி. சிரிக்காதீர்கள். யாரோ வீட்டுக் கல்யாண டிவிடியில், பந்தி வரிசையில், உங்கள் அரை முதுகு வருகிற இடத்தை நீங்கள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தீர்கள்?

லீவு முடிந்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்தது. கதவைத் திறந்த பெர்சி திரும்பி வந்து, அவன் வலது கையைப் பிடித்து இழுத்தாள்.

"கம், டாடி."

"மெள்ளப் பிடி மக்ளே," என்றான் தேவதாஸ், வாசலைத் தாண்டும்போது. "கன்டினியூட்டி கெட்டுரும்."