போடியிலிருந்து ஒரு கோடி

எங்கள் வீட்டில் இரண்டு பேருமே புருஷன்தான். ஏமாறுகிற புருஷன் மட்டும் நான் ஒருத்தன்.

என் பெயர் தங்கபாண்டி. போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை. தோட்டத்துக்காரர்களிடம் காய் வாங்கி, சல்லடையில் சலித்து, ரகம் பிரித்து ஏலத்துக்கு அனுப்புகிற சோலி. இன்னொரு புருஷன் மனோஜ், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறான். ஊரில் பாதிப் பேருடைய சர்க்கரை அவனுக்கு மனப்பாடம். அதனால் எங்களைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பேசினால் அடுத்த தடவை ஊசியை எங்கே குத்துவானோ என்ற பயம். மாடி வீட்டில் நாங்கள் குடியேறி ஒரு மாமாங்கம் ஆகப்போகிறது. வீட்டுக்காரருக்கு நாங்கள் இன்னும் கல்யாணத்துக்கு நிற்கிற பையன்கள். எனக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. அவர் நம்பிக்கையை விடவில்லை.

நன்றாகத்தான் இருந்தோம். பிறந்தநாள் என்றால் மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் எங்களைப் போன்ற சினேகிதர்கள் நாலைந்து பேர் வருவார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு பிரியாணி, கேக்கு, ஆட்டம். வருஷத்துக்கு ஒரு பயணம். கொச்சி போனோம், கோவா போனோம். கோவாவில் ஒரு படகுக்காரன் நீங்கள் அண்ணன் தம்பியா என்று கேட்டான். மனோஜ் ஆமாம் என்றான். முகஜாடை அப்படியே இருக்கிறது என்றான் படகுக்காரன். நான் ஒட்டடைக் குச்சி. மனோஜ் உரல்.

சொந்தக்காரர் வீடு என்று போக எங்களுக்கு இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று, தேவாரத்தில் என் அக்கா சிவரஞ்சனி வீடு. எங்கள் விஷயம் அக்காவுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒரு நாளும் அதைப் பேசியதில்லை. மனோஜ் வருகிறான் என்றால் கருவாட்டுக் குழம்பு வைப்பாள், அவ்வளவுதான். இன்னொன்று மலைமேல். கேரள எல்லை தாண்டி, பூப்பாறைக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், ஒற்றை அறை. மனோஜின் அப்பா வேலுச்சாமியும் அம்மா சோலையம்மாளும் ஆயுசு முழுக்க அந்தத் தோட்டத்தில் உழைத்தவர்கள். அம்மா காய் எடுத்தார். அப்பா கடைசிவரை காவல் பார்த்தார். ஒரே பிள்ளை மனோஜ்.

முதல் தடவை என் காரில் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வேலுச்சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகனிடம் திரும்பி, "டிரைவர் தம்பிக்கு வண்டியிலயே சோறு கொண்டுபோய்க் குடுத்துரு" என்றார்.

இவன் டிரைவர் இல்லை என்று மனோஜ் சொன்னான். வேலுச்சாமிக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் கேட்கவில்லை. பொங்கலுக்குப் போனாலும் டிரைவர் தம்பி. தீபாவளிக்குப் போனாலும் டிரைவர் தம்பி. அவருடைய கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கூட்டிப்போய், பக்கத்திலேயே இருந்து சொட்டு மருந்து விட்டவன் நான். கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து, டிரைவர் தம்பி இன்னும் போகலையா என்று கேட்டார். பார்வை நன்றாகத் திரும்பிவிட்டது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார்.

போன பொங்கலோடு நான் ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் அந்த லயத்து வாசலை மிதிப்பதில்லை. மனோஜ் சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு தனியாகவே பஸ்ஸில் போய்வந்தான். சபதம் ஜெயித்துவிட்டது என்று நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஆடி மாசத்துச் சாரலில் ஒருநாள் காலை, வேலுச்சாமி காவல் கொட்டகையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

மனோஜுக்குச் செய்தி வந்தபோது அவன் ஒரு அம்மாளுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தானாம். எடுத்து முடித்து, பஞ்சு வைத்து ஒட்டி, குப்பியில் பெயர் எழுதிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டான். அப்பா செத்துட்டாரு, வண்டியை எடு என்றான். குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போடிமெட்டு ஏறும்போது மூடுபனி. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறினேன். அவன் அழவில்லை. கண்ணாடியில் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான். பாதி வழியில் என் திட்டத்தைச் சொன்னேன்.

"நான் டிரைவராவே இருந்துக்கிறேன் மனோ. வண்டிய விட்டு இறங்க மாட்டேன். சொந்தபந்தம் பூரா வந்திருக்கும். அப்பாவ வச்சுக்கிட்டு உன்னைய எவனும் ஒரு வார்த்தை கேட்டுறக்கூடாது."

"சரி" என்றான்.

மனோஜ் ஒரு விஷயத்துக்கு உடனே சரி என்று சொன்னால் நான் உஷாராக வேண்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அதைக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை.

லயத்து முன்னால் தார்ப்பாய் கட்டி, கீழே பெஞ்சில் வேலுச்சாமியைக் கிடத்தியிருந்தார்கள். சோலையம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மனோஜ் இறங்கி நனைந்துகொண்டே நடந்துபோய் அம்மா மடியில் விழுந்தான். நான் வண்டிக்குள் இருந்தேன். வைப்பர் ஒரு தடவை துடைத்தால் அவன் முதுகு தெரியும். அடுத்த தடவைக்குள் மறைந்துவிடும். இறங்கிப்போய் அந்த முதுகில் கை வைக்க வேண்டும் போல இருந்தது. திட்டம் போட்டவன் நான்தானே. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

டிரைவர் என்று ஆனபின் வேலைக்கா பஞ்சம்? ஒருவர் வந்து வண்டியைத் தள்ளிப் போடச் சொன்னார். இன்னொருவர் ஐஸ் பெட்டி எடுத்துவர அனுப்பினார். போய் வந்தபோது வேலுச்சாமியின் தம்பி சீனிச்சாமி என் வண்டியில் சாய்ந்துகொண்டு நாலு பேரிடம் பேசிக்கொண்டிருந்தார். பொட்டிபுரத்தில் காடு கரையோடு இருக்கிற ஆள். அண்ணன் போனதும் தோட்டத்துக்காரன் வீட்டைக் காலி பண்ணச் சொல்வான், அண்ணியைத் தானே கூட்டிப்போய் வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். மாட்டுக் கொட்டத்தை ஒட்டி ஒரு சாய்ப்பு இருக்கிறதாம். சாணி அள்ளவும் ஆள் இல்லையாம்.

கொஞ்ச நேரத்தில் மனோஜ் கண்ணாடியைத் தட்டினான். கண் சிவந்திருந்தது. இங்கே நல்ல வேட்டி துண்டு கிடைக்காது, போடிக்குப் போய் ஒரு மாலையும் சேர்த்து வாங்கி வரவேண்டும், கேதத்துக்கு வர அக்கா போடியில் பஸ்ஸைவிட்டு இறங்கி நிற்கிறாள், அவளையும் கூட்டி வா, நாளைக் காலையில்தான் எடுக்கிறோம், சாயங்காலத்துக்குள் வந்தால் போதும் என்றான். மேலே ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினேன். டிரைவர் கேள்வி கேட்கக்கூடாது.

அக்கா கையில் ஒரு தாம்பாளம் வைத்திருந்தாள். எதற்கு என்றேன். பூ வைக்க என்றாள். துணிக்கடையில் கரைவேட்டியாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். எரிக்கப்போகிற துணிக்கு எதற்கு இவ்வளவு பார்வை என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கடைக்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது லயத்துக்கு முன்னால் இருக்கிற வளைவில் கொட்டுக்காரர்கள் வழியை மறித்து நின்றார்கள். பின்னால் வருகிற யாருக்கோ காத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஹாரன் அடித்தேன். ஒருவர் குனிந்து, கோடிக்காரங்க இறங்கி நடந்து வாங்க என்றார்.

கோடி என்றால் செத்தவருக்குச் சம்பந்தி வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற புதுத்துணி. நான் எப்போது சம்பந்தி ஆனேன்? திரும்பினால் அக்கா அதற்குள் இறங்கி வேட்டியையும் துண்டையும் தாம்பாளத்தில் வைத்துத் தலைக்கு ஏற்றிவிட்டாள். மாலை என் கையில். கொட்டு முழங்கிவிட்டது. தார்ப்பாய்க்கு முன்னால் மனோஜ் கைகூப்பி நிற்கிறான், சம்பந்தி வீட்டாரை எதிர்கொள்கிற முறைப்படி. கூப்பின கைக்குப் பின்னால் அவன் முகம் என்னைப் பார்த்து, ஓடிவிடாதே என்று கெஞ்சியது.

சீனிச்சாமி குறுக்கே வந்தார். கொட்டு நின்றது.

"மகனுக்குக் கல்யாணமே ஆகல. இது எந்தச் சம்பந்தி வீட்டுக் கோடி?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இதற்குப் பயந்துதான் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். செத்துக் கிடக்கிற மனுஷன் எழுந்து, அவரு டிரைவர் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லிக் காப்பாற்றினால் தேவலை போலிருந்தது.

சோலையம்மாள் எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"எம் மகன் ஒரு வீட்டுல குடித்தனம் பண்றான், கொழுந்தனாரே. அந்த வீட்டுல இருந்து வர்ற கோடி. வேற சம்பந்தி யாரும் உங்களுக்குத் தெரிஞ்சா கூட்டியாங்க, காத்திருக்கேன். இல்லாட்டி வழிய விடுங்க. துணி நனையுது."

சீனிச்சாமி ஒதுங்கினார். பங்காளிகளில் இரண்டு குடும்பம் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனது. பிறகு கொட்டு மறுபடி முழங்கியது.

நான்தான் போர்த்தினேன். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் இருந்து, அவர் திருப்பிக்கொள்ளாமல், பார்த்தது அன்றைக்குத்தான். மனோஜின் மூக்கு அவருடையது. கழுத்தில் மாலையைப் போட்டேன். அக்கா பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சிதைக்குத் தீ வைத்துவிட்டு ஓடையில் குளித்தோம். மனோஜ் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அழுதான். எப்போது போட்ட ஏற்பாடு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவன் தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன்.

கருமாதி முடிந்த அன்றே தோட்டத்து மேஸ்திரி வந்து சாவி கேட்டார். புது ஆள் குடும்பத்தோடு வந்துவிட்டாராம், வெளியே சாமானோடு நிற்கிறாராம். சோலையம்மாள் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு மூட்டையுமாக இறங்கிவந்து, கேட்காமலே என் வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சீனிச்சாமி பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிட வழியில்லை.

மலை இறங்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நாலு பேர் முன்னால் என்னை ஏற்றுக்கொண்ட மகராசி. அன்னைக்கு நீங்க பேசினதை உசுரு இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன் அம்மா என்று தழுதழுத்தேன்.

"அதெல்லாம் சாரமில்ல தம்பி" என்றார். மலையாளத்தில் அதற்குப் பெரிய விஷயமில்லை என்று அர்த்தம். வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "அவரு மூச்சு போன அன்னைக்கே எனக்கு வீடும் போச்சு. சினேகிதன் வீடுன்னா நான் எந்த முறையில வந்து உக்கார்றது? கொழுந்தன் கொட்டத்துல சாணி அள்ளத்தான் போகணும். மகன் குடித்தனம் பண்ற வீடுன்னு ஊரறிய ஆயிருச்சுன்னா எவன் கேப்பான்? அழுதுக்கிட்டே யோசிச்சேன். அப்பறம் உங்க அக்காவுக்குப் போன் போடச் சொன்னேன்."

எனக்கு அடுத்த வளைவில் கியர் மாறவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். மனோஜ் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிறவனுக்கு உதடு அப்படி ஒரு பக்கமாக இழுக்காது.

மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். சோலையம்மாள் ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு அறை முழுக்க என் ஏலக்காய் மூட்டை. இன்னொரு அறைக்குள் போய் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தார். சோறு எங்கே வைப்பது, தண்ணீர் எங்கே வைப்பது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"கீழ படுக்க இடுப்பு ஆகல. கட்டில்ல நான் படுத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் கீழ படுத்துக்கங்க."

கால் நீட்டிப் படுத்தவர் உடனே தூங்கிப்போனார். புருஷன் செத்ததிலிருந்து அவர் கண்ணை மூடி நான் பார்க்கவில்லை. ஆனாலும் அது நான் ஆசைப்பட்டு வாங்கிய தேக்குக் கட்டில். இதற்கு ஏதாவது வழி சொல்லுவான் என்று மனோஜைத் தேடினேன்.

அவன் கூடத்தில் குனிந்து பாய் விரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் படுக்கிற அகலப் பாய். புதுசு.