லூர்துக்கு சைரன் வைத்த படையல்

பயப்படுவதில் எங்கள் சைரனை அடித்துக்கொள்ள ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு ஆள் கிடையாது. வேண்டுமானால் தேடிப் பாருங்கள், பஸ் காசு நான் தருகிறேன். ஏதாவது நடந்தால் பயப்படுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர் எதுவும் நடக்கவில்லை என்றால் பயப்படுவார். "இன்னா மாமு, காலைலேர்ந்து எல்லாம் நல்லா போய்கினு கீது. சரியில்லையே" என்பார்.

சைரன் என்பது நாங்கள் வைத்த பெயர். எர்ணாவூர் பக்கம் ஒரு கம்பெனியில் மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், அது சிவப்புக் கோட்டைத் தொட்டால் சைரன் அடிக்க வேண்டும். அதுதான் உத்தியோகம். சர்வீஸ் முடிகிற வரைக்கும் அது சிவப்பைத் தொடவே இல்லை. ரிட்டயர் ஆன அன்று சால்வை போர்த்தி கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்களாம். இவர் கேட்டில் நின்று திரும்பிப் பார்த்து, "எல்லாரும் இங்க வந்துட்டீங்க, இப்ப அத யாரு பாக்கறா?" என்று கேட்டாராம். கம்பெனியில் அடிக்காமல் மிச்சம் வைத்த சைரனையெல்லாம் இன்றைக்கும் எங்களிடம்தான் அடித்துக்கொண்டிருக்கிறார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. படிப்பு நாலாம் வகுப்பு. கொருக்குப்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் துடைப்பம் பிடித்து ஆரம்பித்தேன். இன்றைக்கு அதே தெருவில் என் பட்டறை ஓடுகிறது. போர்டில் என் பெயர் ரயிலில் போகிறவனுக்கும் தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறது. நான் படிக்கக் கற்றுக்கொண்டதே அந்த போர்டைப் பார்க்கத்தான் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். பொறாமை, வேறென்ன. பயம் என்றால் எனக்கு என்னவென்று தெரியாது. லேத்தில் விரல் நுனி போனபோதுகூட, துணியைச் சுற்றிக்கொண்டு அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பேர்ப்பட்ட நான் ஒரு நாள் நடுங்கினேன். அதற்கும் சைரன்தான் காரணம்.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டில். திருவொற்றியூர் கடலோரம், அலை தடுக்கப் போட்ட பாறாங்கற்கள் மேல் உட்கார்ந்து போடுவோம். பிழைப்புக்கு இல்லை, பித்துக்கு. நிஜமான மீனவர்கள் படகில் போகும்போது எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "நைனா, மீனு மார்க்கெட்ல கீது. இங்க இன்னாத்த தேடிகினு கீறீங்க?" நாள் பூரா உட்கார்ந்து நாலு கிழங்கான் பிடிப்போம். ஊர்க்கதையாகப் பேசியது ஒரு கூடை இருக்கும்.

சைரன் அங்கே வருகிற அழகைப் பார்க்க வேண்டும். இடுப்பில் கயிறு. முதுகில் ரெண்டு காலி எண்ணெய் கேன், தண்ணீரில் விழுந்தால் மிதக்க. நாய்களெல்லாம் பின்னாலேயே வரும். ஒரு நாள் பீட் போலீஸ்காரர் நிறுத்தி, கேனைத் திறந்து மோந்து பார்த்தார். "இன்னாயா இது?" "உசுரு சார்" என்றார் சைரன். போலீஸ்காரர் இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கல்லுக்கு வந்ததும் கயிற்றின் அந்த முனையைப் பாறையில் கட்டுவார். பாறை ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு, சந்தேகத்துக்கு என் காலிலும் ஒரு சுற்று சுற்றுவார்.

பெரிய மீன் மாட்டினால் நாங்கள் கூத்தாடுவோம். இவர் முகம் சுருங்கும். "இம்மாம் பெரிய மீனு கரையோரம் ஏன் வந்துச்சு? உள்ள என்னமோ ஆயிருக்கு."

ஒரு தடவை போனைப் பட்டறையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு சலூனில் உட்கார்ந்திருந்தேன். சைரன் போன் அடித்திருக்கிறார், நான் எடுக்கவில்லை. திரும்பி வந்தால் பட்டறை வாசலில் கும்பல். லேத்தெல்லாம் நிறுத்திவிட்டார்கள். பந்தல்காரன் என் முகத்தைப் பார்க்காமலேயே, "பாடி எப்ப அண்ணாத்த வருது?" என்று என்னிடமே கேட்டான். "இப்பதான் ஷேவிங் முடிஞ்சி வருது" என்றேன். கும்பலுக்கு நடுவில் சைரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போன் எடுத்தா இன்னா கொறைஞ்சா பூடுவ?" என்று என்னைத் திட்டினார்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிறு நாங்கள் மீன் பிடிக்கமாட்டோம். போடுவோம். விளக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கூட்டத்தில் முதலில் இறந்துபோனவர் ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். கிரேன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மகன் தூண்டிலைக் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்தபோது சைரன் ஒரு கேள்வி கேட்டார். "வூட்ல வெக்கிற சோத்த காக்கா துன்னும். இந்த மனுசன் பாதி நாள் இங்க குந்திகினு இருந்தாரே, இங்க யாரு துன்றது?"

லூர்துதான் பதில் சொன்னார். ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் லாஞ்ச் படகு ஓட்டியவர், சைரனின் உயிர்த் தோஸ்து. "எங்காளுங்க கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுவத்தியும் வெப்பாங்க. நம்மாளுக்கு எறா வெப்போம். முள்ளு ஒண்டி வாணாம்."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். கல்லறைத் திருநாள் முடிந்த ஞாயிறு, போனவர்களின் தூண்டில்களைக் கொண்டுபோய் கல் இடுக்கில் நட்டு, தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு, வெறும் நூலில் இறால் கட்டிப் போடுவோம். மீன் வந்து தின்றுவிட்டுப் போகும். நூலைச் சுற்றிப் பார்த்து இறால் காலியாகியிருந்தால், கயிற்றுக்கடை காதர் பாய் சத்தமாக, "சாப்ட்டாரு" என்பார். எல்லார் நூலும் காலியாகிற வரைக்கும் நாங்கள் டீகூடக் குடிக்கக்கூடாது. அது சைரன் போட்ட சட்டம். அடைமழைக் காலம், கடல் கொந்தளிக்கும், அவருக்குப் பயப்பட அதைவிட நல்ல நாள் வருஷத்தில் கிடையாது.

போன வருஷம் அந்த வரிசையில் லூர்து தூண்டிலும் சேர்ந்தது.

நடந்தது இதுதான். லூர்துக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்த பிறகும் கல்லுக்கு வந்துகொண்டிருந்தார். சைரனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் லூர்து இல்லாத நேரம் அவர் வீட்டுக்குப் போய், அவர் சம்சாரத்திடம், "மேரியக்கா, கல்லெல்லாம் பாசி. ஆளு வழுக்கினா அவ்ளோதான். தூண்டிய உள்ள வெச்சிப் பூட்டிடு" என்று சொல்லிவிட்டு வந்தார். அக்கா பூட்டிவிட்டது.

லூர்து நேராக சைரன் வீட்டு வாசலுக்கு வந்தார். தெருவே கேட்டது. "கல்லுல வுழுந்தா ஒரே நாள்ல பூடுவேன். இப்ப வூட்ல குந்திகினு தெனமும் செத்துகினு கீறேன். சந்தோசமா உனக்கு?" அதற்கப்புறம் அவர் சைரனிடம் பேசவில்லை. எதிரில் வந்தால் ரோடு மாறிப் போனார். வெயில் காலத்தில் ஒரு நாள் மத்தியானம் ஃபேனுக்கு அடியில் தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று சைரன் என் காதில் சொன்னது ஒன்றுதான். "கடைசியா ஒரு மீனுகூட புடிக்காம பூட்டாரு மாமு."

இப்போது அந்த ஞாயிறுக்கு வருகிறேன். மேரியக்கா தன் கையாலேயே தூண்டிலை எடுத்துக் கொடுத்தது. நான் வெள்ளைச் சட்டை, இஸ்திரி மொடமொடவென்று. வானம் தார் பூசின மாதிரி. கிரேன் நூல் கொஞ்ச நேரத்தில் காலி. "சாப்ட்டாரு." அடுத்து, கிரேனுக்கு அப்புறம் போன ஐஸ் கம்பெனிக்காரர். "சாப்ட்டாரு." லூர்து நூலைச் சுற்றினால், இறால் போட்டது போட்டபடி.

மறுபடி போட்டோம். மறுபடி அப்படியே.

சைரன் கடலைப் பார்த்துக் குனிந்தார். "லூர்து, நாந்தான். கோவமா கீறியா?" ஒரு அலை வந்து அவர் முகத்தில் அறைந்தது. "பாத்தியா மாமு. கோவமாதான் கீறான்."

கணவாய் கட்டிப் பார்த்தார். நண்டுக்கால் கட்டிப் பார்த்தார். "லூர்துக்கு டீக்கடை பன்னு புடிக்கும்" என்று பன்னை வாங்கி வரச் செய்து அதைக் கட்டினார்.

"சைரனு, துன்னப் போறது மீனுய்யா. லூர்து இல்ல" என்றேன்.

"மீனுக்கு எறா புடிக்கும், தெரியும். லூர்துக்குப் புடிக்கணுமே."

பன் தண்ணீரைத் தொட்டதும் மாயம். "சாப்ட்டாரு" என்றேன் நான் அவசரமாக.

"கரைஞ்சது மாமு. கரையறது வேற, துன்றது வேற. என்ன டபாய்க்காத."

காதர் பாய்க்கு சர்க்கரை வியாதி. வெறும் வயிறு. "சைரனு, தல சுத்திகினு வருது. ஒரே ஒரு பிஸ்கோத்து துன்னா லூர்து கோச்சிக்கமாட்டான்" என்றார். சைரன் அவரையும் பார்த்தார், நூலையும் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "பாய்க்கு ஒண்டி. ஒண்ணு" என்று எடுத்துக் கொடுத்தார். ஒன்று போதாதோ என்று பயம் வந்து பாக்கெட்டையே கொடுத்துவிட்டார். நான் கை நீட்டியதும் ஒரு அடி போட்டார்.

அப்புறம்தான் அவர் எழுந்தார். கேனைக் கழற்றி வைத்தார். இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். நாங்கள் இதுவரை பார்க்காத வேலை அது. லூர்து வழக்கமாக உட்காருகிற கல் ஒன்று அடியில், தண்ணீரை ஒட்டி இருக்கும். பச்சைப் பாசி. சைரன் கையில் புது இறால் கட்டின நூலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லில் இறங்கி, இறாலைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"சைரனு, மேல வா."

"நூலு காலியாவட்டும். அவரு குந்தற எடத்துல குந்தினாத்தான் நான் பேசறது கேக்கும்."

அலை முழங்காலுக்கு வந்தது. அடுத்தது இடுப்புக்கு. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூண்டில் என் கையில் மேலே இருந்தது. அது ஆடியது. காற்று என்று நினைத்தேன், பார்த்தால் என் கை. பயப்படுகிற ஆள் பயப்படாமல் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருக்கிறவன் என்ன செய்வது? எனக்குப் பழக்கமே இல்லாத வேலை.

"சைரனு, நூலு இழுக்குது. கடிச்சிடுச்சு. மேல வந்து பாரு" என்றேன்.

"மெய்யாலுமே?"

"என் பட்டறை மேல சத்தியமா." பட்டறை என்னை மன்னிக்கட்டும்.

நாலு காலில் ஏறி மேலே வந்தார். வந்தவர் ரோட்டுப் பக்கம் திரும்பி, கண்ணைப் பொத்திக்கொண்டார். "நான் பாக்கமாட்டேன். நீயே சுத்து மாமு."

சுற்றினேன். இறால் வந்தது. மீசைகூடக் குறையவில்லை. ஊறி, வெள்ளையாக, என்னைப் பார்த்துக்கொண்டு.

யோசிக்கவில்லை. பிய்த்து சட்டைப் பாக்கெட்டில் போட்டேன். "லூர்து சாப்ட்டாரு."

காதர் பாய் என் பக்கத்திலேயே பிஸ்கோத்தும் கையுமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "தோலுகூட மிச்சம் வெக்கலியே. ரொம்பப் பசியில இருந்திருக்கான்."

சைரன் வந்து வெறும் நூலை ரெண்டு விரலால் நீவிப் பார்த்தார். "சாப்ட்டான் இல்ல?"

"சாப்ட்டான்."

"அப்ப டீ ஊத்து."

அன்றைக்கு அவர் பேசின மாதிரி நான் கேட்டதே இல்லை. லூர்து லாஞ்சை எடுத்துக்கொண்டு போய் மணலில் ஏற்றிய கதை, கல்யாணத்தன்று மோதிரத்தைத் தொலைத்த கதை, சிரிப்பு, கும்மாளம். ஒரு தடவைகூட "சரியில்லையே" வரவில்லை. காதர் பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு மனுசனின் பாரத்தை ஒரு நிமிஷத்தில் இறக்கிவிட்டேன், இதை எவன் செய்வான் என்று எனக்குள் பெருமை.

மழை பிடித்துக்கொண்டது. என் ஸ்கூட்டரில் அவரைக் கொண்டுபோய் அவர் சந்து முனையில் இறக்கினேன். இறங்கி ரெண்டு எட்டு வைத்தவர் திரும்பி வந்தார். என் பாக்கெட்டில் கையை விட்டு இறாலை எடுத்துத் தன் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

"வெள்ள சட்ட மாமு. நாத்தம் புடிச்சா அண்ணி உன்ன பேஜார் பண்ணும்."

ஸ்கூட்டரை அணைத்தேன். அப்புறம் கேட்டேன். "எப்ப தெரியும்?"

"கீழ குந்திகினு இருக்கசொல்லோவே. நூலு என் காலுக்குப் பக்கத்துலதானே கீது. இழுத்தா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிகினே ஏன் மேல வந்த?"

"உன் கொரல் ஒரு மாதிரி ஆச்சு. ஏறி வந்து பாத்தா கை நடுங்குது. இந்த வயசுல உனக்கு எதனா ஆயிட்டா?" மழைத் தண்ணீரை முகத்திலிருந்து வழித்துவிட்டார். "லூர்து கோவத்த அடுத்த வருசம் வந்து கேட்டுக்கறேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ள."

அப்படியென்றால் அந்தக் கதை, அந்தச் சிரிப்பு, அந்த டீ எல்லாம் எனக்காக. நெஞ்சு நிறையக் கவலையை வைத்துக்கொண்டு, நான் பயப்படக்கூடாது என்று அவ்வளவு நேரமும் சிரித்திருக்கிறார்.

"பாத்துப் போ மாமு. ரோடு ஈரமா கீது" என்றார்.

எவன் சொன்னாலும் கேட்காதவன் நான். அன்றைக்கு வீடு வரைக்கும் மெதுவாகத்தான் ஓட்டினேன்.