பட்டியலில் தாங்கள் பதினான்காவது

மரியாதைக்குரிய மைத்துனருக்கு,

இங்கு நலம். தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நம்பிக்கை தவறாயிருந்தால் இந்த வரியை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கவும். உங்கள் அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என் மேல் கோபம் குறையவில்லை.

சென்ற வாரம் தங்களுக்கு ஒரு பதிவுத் தபால் வந்திருக்கும். "நிறுவனத்துக்குச் சொந்தமான எட்டுப் படி ஏணி ஒன்று தங்கள் வசம் உள்ளதா? உண்டெனில் எந்த நிலையில்?" என்று அதில் கேட்டிருக்கும். அனுப்பியது நான்தான். தங்களைச் சந்தேகப்பட்டு அல்ல. சந்தேகப்படும் அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு நம் மாப்பிள்ளையின் ஏணிப் பட்டறையில் கணக்கு எழுதிவருகிறேன் அல்லவா? ஜன்னலோரம் ஒரு மேஜை, கை வைத்த நாற்காலி, பத்தரை மணிக்கு ஒரு தேநீர். இதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. ஆண்டு முடிய ஆறு வாரம் இருக்கும்போது, கணக்கு காட்டுவதற்கான புதிய விதிகள் என்று பன்னிரண்டு பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. முதல் பக்கத்தில் எப்போதும் முகவரியும் வணக்கமும்தானே இருக்கும்? அதனால் அதை எழுத்து உள்பக்கம் போகும்படி கோப்பின் அட்டையில், மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டி, வெற்றுப் புறத்தில் பொருளடக்கம் எழுதிக்கொண்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து படிப்பது என் வழக்கம். அப்படியே செய்தேன். வாடகைக் கிடங்குக்கு இன்னும் எத்தனை வருஷ ஒப்பந்தம் பாக்கியோ அத்தனை வருஷ வாடகையையும் இப்போதே கடனாகக் காட்ட வேண்டும். ஆண்டு முடிந்து ஆறு மாதத்தில் கொடுத்துவந்த கணக்கை இனி மூன்றே மாதத்தில் கொடுக்க வேண்டும். இவை இரண்டுக்கும் வேண்டிய ஏற்பாட்டை ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். மூன்றாவது விதியில்தான் வியர்த்தது. முதலாளியின் உறவினர்களில் யார் யாருக்கு நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் உண்டோ அத்தனை பேரையும் பட்டியல் போட்டு, அவரவரிடம் எழுத்தில் உறுதி வாங்க வேண்டும். கணக்கு எழுதுபவரே உறவினராக இருந்தால், முதலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் அவர் விலகிக்கொள்ள வேண்டும். முதலாளியின் மாமனார் உறவினர்தானே? நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பட்டியலைப் பிழையில்லாமல் போட்டுவிட்டால் மாப்பிள்ளை மனமிரங்கிச் சம்மதிப்பார் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று பேர். ஏணிப் பட்டறைக்காரருக்கு உறவாக இருந்துகொண்டு யார்தான் ஏணியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? சம்பந்தியம்மாளுக்குப் போன படிவத்தில் 'முதலாளியோடு உறவின் தன்மை' என்று ஒரு கட்டம் இருந்தது. உடனே தொலைபேசியில் வந்துவிட்டார். "பெத்த புள்ளைக்கு நான் யாருன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா சம்பந்தி?" என்று கேட்டார். இரண்டு பிரதி போதும் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்கள் அக்காவிடம் படிவத்தைச் சமையலறையிலேயே கொடுத்து ஒப்புகை வாங்கினேன். இரண்டு படி முக்காலி ஒன்று அவள் வசம் இருக்கிறது. 'பொருளின் நிலை' என்ற கட்டத்தில், "ஆடுகிறது, கொண்டுவந்து கொடுத்தவரைப் போலவே" என்று எழுதியிருக்கிறாள். அதையும் கோப்பில் சேர்த்துவிட்டேன். சேர்க்காமல் இருக்க முடியாது.

உண்மையில் நான் பயந்தது மாப்பிள்ளையின் தம்பிக்கு அனுப்பியதை நினைத்துத்தான். வெள்ளையடிக்க எடுத்துப்போன பன்னிரண்டு படி ஏணியை நாலு பேர் முன்னால் மாப்பிள்ளை திருப்பிக் கேட்டுவிட்டார் என்று நான்கு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லை. அந்தத் தம்பி புதன்கிழமை காலை அதே ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து நின்றார். வாசலில் திரும்பியபோது ஏணியின் பின்முனை என் மேஜை மேலிருந்த மை பாட்டிலையும் பேனாக் கூட்டையும் அள்ளிக்கொண்டு போயிற்று. நான் கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை உள்ளிருந்து வந்தார்.

"எதுக்குடா தோள்ல தூக்கிட்டு வந்த? சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேன்ல" என்றார் மாப்பிள்ளை.

"நீ கேட்டா குடுக்கக் கூடாதுன்னு இருந்தேன். சட்டம் கேட்டா என்ன பண்றது?" என்றார் தம்பி.

பிறகு இருவரும் என் பங்குத் தேநீரையும் சேர்த்துக் குடித்தார்கள். எனக்கு வருத்தமில்லை. அந்த நல்ல வேளையை விடக் கூடாது என்று என் ராஜினாமாக் கடிதத்தையும் சம்மதப் படிவத்தையும் ஒன்றாக நீட்டினேன். மாப்பிள்ளை இரண்டையும் படித்தார். "நீங்க என் மாமனார்னு எனக்குத் தெரியாதா மாமா?" என்றார். தெரியும் என்பதைத்தான் மாப்பிள்ளை எழுத்தில் தர வேண்டும் என்றேன். பேனா வாங்கி எழுதினார்: "தெரியும். சம்மதம். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம்." அதைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறேன்.

ஆகவே பதினான்காம் எண்ணில் உள்ள தாங்களும், ஏணியையோ படிவத்தையோ மாத முடிவுக்குள் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மனைவிக்கு என் விசாரிப்புகள். குழந்தைகள் நன்றாகப் படித்து, கணக்கு தவிர வேறு எந்தத் துறைக்குப் போனாலும் என் ஆசி உண்டு.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது, பட்டறைக் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "முதல் பக்கம் பாத்தீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். அட்டையில் ஒட்டியதைத் தூக்கிப் பார்த்தேன். ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இந்த விதிகள் எவையும் பொருந்தாது என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நாங்கள் காவலாளியையும் சேர்த்துப் பதினொரு பேர். கேட்டதற்கு அதிகமாகக் கணக்கு காட்டினால் குற்றமில்லை என்று அவர் ஆறுதல் சொன்னார். மாப்பிள்ளையிடம் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று எழுந்து போனேன். முற்றத்தில் அண்ணனும் தம்பியும் அந்த ஏணியின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, ஏழாவது படி கோணலா இல்லையா என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். ஏணியைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். முதல் பக்கத்தை மறுபடியும் ஒட்டிவிட்டேன். இந்த முறை நான்கு ஓரங்களிலும் பசை தடவினேன்.