வயர் இல்லாத மைக்கும் தங்கம்மாக்காவின் வீட்டோவும்

உலகத்தையே ஆளத் தெரிந்த ஒரே ஒரு மனிதரைத்தான் நான் கண்டிருக்கிறேன். அவர் பெரியகல்லாற்றில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். கடல் வந்து ஒலிபெருக்கி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக, மிஞ்சியது ஒரு மைக் மட்டும். அதற்கும் வயர் இல்லை. அதைக் கையில் பிடித்தபடி ஒரு சுனாமி முகாமையே நடத்திக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் ‘செயலாளர் நாயகம்’. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

றேடியோச் செய்தி கேட்டுக் கேட்டு, உலக நாடுகள் எல்லாம் கூடும் அந்தப் பெரிய சபையின் யாப்பு, அதன் சட்டதிட்டமெல்லாம், அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தச் சபையின் தலைமை அதிகாரிக்குத்தான் செயலாளர் நாயகம் என்று பெயர். முகாமையும் அதே மாதிரி அமைத்துவிட்டார். கொட்டிலுக்கு ஒரு வாக்கு, அது பொதுச்சபை. எதையும் பேசலாம், கேட்டுக்கொள்ளலாம், கட்டளை போட முடியாது. முடிவெடுப்பது பாதுகாப்புச் சபை. அதில் பலர் முறை வைத்து மாறுவார்கள். முதன்முதலில் வந்து கொட்டில் போட்ட ஐந்து வீட்டார் மட்டும் மாறவே மாட்டார்கள். அந்த ஐவரில் ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் போதும், எல்லாம் நின்றுவிடும். அதுதான் வீட்டோ.

“இது அநியாயமில்லையா அண்ணன்?” என்று யாராவது கேட்டால், “அநியாயந்தான். ஆனா அந்த அஞ்சு பேரும் கோவிச்சிட்டு எழும்பிப் போனா சபையே இல்லையே!” என்பார்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த சங்கதி. யுத்தம் மூண்டு எங்கள் வவுணதீவுப் பக்கம் ஷெல் விழத் தொடங்க, விளைந்த வயல் வட்டையை அப்படியே விட்டுவிட்டு, நாங்கள் சில குடும்பங்கள் வாவியைக் கடந்து அந்த முகாம் வாசலில் வந்து நின்றோம். நல்ல வெயில். பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுதன. உள்ளே ஒருவர் சத்தமே வராத மைக்கில் எங்களைப் பற்றிக் கூட்டம் நடத்துகிறார்.

“இதென்ன முகாமா, விசர் புடிச்ச ஆக்கள் இரிக்கிற இடமா?” என்றாள் என் மனைவி.

எங்களை உள்ளே விடச் சபையில் எல்லோரும் கை உயர்த்தினார்கள், தங்கம்மாக்காவைத் தவிர. அவர் அந்த ஐவரில் ஒருவர். முகாமின் ஒரே கிணறு அவருடைய கொட்டிலடியில்.

“கூட அள்ளினா கிணறு உவராயிரும். மறுகா எங்கட புள்ளைகள் என்னத்தக் குடிக்கிற? வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன்.”

அவர் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் கூட்டம் கொதித்தது. “உங்கட சட்டத்தத் தூக்கி வாவியில போடுங்க!” என்று ஒருவர் கத்தினார்.

நாயகம் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். “சட்டத்த இண்டைக்கு நல்லதுக்கு முறிச்சா, நாளைக்குக் கெட்டதுக்கும் முறிப்பீங்க. சபை ஒத்திவைக்கப்படுது!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் நிற்பவனுக்கு ஒத்திவைப்பா? அவரோ நேரே போய்த் தங்கம்மாக்காவின் முன்னால் குந்தினார். வேலிக்கு வெளியே நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது.

“அக்கா, நீங்க ஓம் எண்டு சொல்ல வேணாம்.”

“சொல்லவும் மாட்டன்.”

“வேண்டாம் எண்டும் சொல்லாதீங்க. கைய மடியில வைச்சிட்டுச் சும்மா இரிங்க. சும்மா இரிந்தா அது வீட்டோ இல்ல. பெரிய பெரிய நாடெல்லாம் அப்பிடித்தான் மானத்தக் காப்பாத்துது.”

“கிணறு உவராப் போனா?”

“எனக்கு வாக்குமில்ல, படையுமில்ல அக்கா. குளிக்கிற தண்ணியில என்ட பங்க விட்டுத்தாறன். மழை வரும் வரைக்கும் நான் அந்த உப்பு வாவியில குளிக்கிறன்.”

சபை மறுபடி கூடியது. தங்கம்மாக்கா இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தீர்மானம் நிறைவேறியது. வேலிக்கு அப்பால் நின்ற எங்களுக்கு, திருவிழாக் கூட்டத்துக்கு அறிவிப்பது போல நாயகம் மைக்கில் அறிவித்தார்.

உள்ளே போனதும் முதல் வாளி அள்ளி என் மகளின் கையில் ஊற்றியவர் தங்கம்மாக்காதான். “நான் ஓம் எண்டு சொல்லல்ல, தெரியுமா புள்ள?” என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

கிணறு உவர்க்கவில்லை. நாயகத்துக்குத்தான் வாவியில் குளித்து உடம்பெல்லாம் சொறி. அந்த மழை வரும் வரை ஒரு கையில் மைக், மறு கை முதுகில் என்றுதான் சபை நடந்தது.

யுத்தம் முடிந்து, ஊர் திரும்பி, மகளும் வளர்ந்தாள். அவளுடைய கல்யாணத்துக்கு மைக் செட் போட நாயகத்தைத்தான் கூப்பிட்டேன். அதே மைக்கைத் திருத்தி, வயர் பூட்டிக் கொண்டுவந்திருந்தார். “ஹலோ, ஹலோ” என்று அவர் சொன்னது வட்டை முழுக்கக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“பொண்ணக் குடுக்கிற கவலையா?” என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.